சாமிக்காக முறுக்கிக்கொண்ட மாப்பிள்ளை

வெளிநாடு போயிருக்கிறாயா என்று யாராவது என்னைக் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வேன். சிலோன் இல்லை, சிங்கப்பூர் இல்லை. காரைக்கால். சிரிக்காதீர்கள். நான் அங்கே போன காலத்தில் பிரெஞ்சுக்காரன் கொடிதான் பறந்துகொண்டிருந்தது. கும்பகோணத்தில் இட்லி தின்றுவிட்டுப் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பரதேசம் போய்ச் சேர்ந்துவிடலாம். கப்பல் ஏற வேண்டாம், குமட்ட வேண்டாம். எல்லையில் பெட்டியைத் திறந்து காட்டினால் போதும்.

காட்டினேன். நம் பக்கத்துச் சுங்கக்காரர் வேட்டி சட்டையை எல்லாம் உதறிப் பார்த்துவிட்டு அடியில் இருந்த காகிதக் கட்டை எடுத்தார். இங்கிலீஷில் டைப் அடித்த தாள்கள், பக்கத்தில் என் தமிழ். “என்னய்யா இது?” என்றார். “ஒரு மதம்” என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிரெஞ்சுப் பக்கத்தில், அவர்கள் துவான் என்று சொல்கிற சுங்க ஆபீஸில், ஒரு வெள்ளைக்கார அதிகாரி சுருட்டைக் கடித்துக்கொண்டே அதே கட்டைப் புரட்டினார். சிப்பாயிடம் ஏதோ கேட்டார். சிப்பாய் எனக்குத் தமிழில் சொன்னான்: “மதத்தை உள்ள கொண்டாறீங்களா, வெளிய கொண்டு போறீங்களான்னு தொரை கேக்குறாரு.”

“திருத்திக் கொடுக்க வந்திருக்கிறேன்” என்றேன். அதைக் கேட்டதும் துரை விழுந்து விழுந்து சிரித்தார். திருத்துகிற வேலைக்கு வரி கிடையாதாம், போகலாமாம்.

உண்மையும் அதுதான். அச்சுக்கூடத்தில் பிழை திருத்துவது என் தொழில். தமிழாக்கமும் செய்வேன். தைல விளம்பரமோ மிஷன் துண்டுப் பிரசுரமோ, எதைக் கொடுத்தாலும் வஞ்சனை இல்லாமல் செய்து கொடுப்பேன். இந்தத் தாள்களை அனுப்பியவர் காரைக்கால்காரர், சிங்காரம் என்று பெயர்; பிரெஞ்சு மரியாதைப்படி முசியே சிங்காரம். மீனவர் வீட்டில் பிறந்து, பிரெஞ்சு படித்து, சைகோன் துறைமுக ஆபீஸில் வெகுகாலம் குமாஸ்தாவாக இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். சைகோனிலிருந்து மற்றவர்கள் பட்டும் பீங்கானும் கொண்டுவருவார்கள். இவர் தெலெமா என்று ஒரு மதத்தைக் கொண்டுவந்துவிட்டார்.

மதம் என்றால் கோயிலும் பூசாரியும் உள்ள மதம் இல்லை. மனிதனுக்கு மேலே தனியாக ஒரு தெய்வம் குந்தியிருக்கவில்லை, தெய்வம் அவனேதான், அவளேதான் என்கிறது அதன் வேதம். ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு ஆளும் வானத்து நட்சத்திரம் மாதிரி, தனக்கென்று ஒரு பாதை உள்ளவர். உள்ளே கிடக்கிற மெய்யான விருப்பம் எது என்று கண்டுபிடித்து அந்தப் பாதையில் நடப்பதுதான் கடமை. அடுத்தவர் பாதையை மறிப்பதுதான் குற்றம். இவ்வளவுதான் சாரம். சொல்லியிருக்கிற விதம் இருக்கிறதே, அடேயப்பா! ஒரு பக்கத்தைத் தமிழாக்குவதற்குள் எனக்கு விழி பிதுங்கிவிட்டது.

துவானிலிருந்து குதிரை வண்டி ஏறினேன். கூட வந்தவர் ஒரு மரைக்காயர், ஜவுளி வியாபாரி. அந்தக் குதிரைக்கு ஒரு பழக்கம்: சாராயக்கடை எதிர்ப்பட்டால் நின்றுவிடும். சென்னை ராஜ்யத்தில் மதுவிலக்கு. ஆகவே எல்லை தாண்டி வருகிற ஆட்கள் முதல் கடையிலேயே இறங்குகிறவர்கள். வருஷக்கணக்காக அவர்களை இறக்கி இறக்கி குதிரைக்கு அது புத்தியிலே பதிந்துபோயிருக்கிறது. வண்டிக்காரன் அடித்தும் பார்த்தான், கெஞ்சியும் பார்த்தான். யாராவது ஒருவர் இறங்கி ஏறினால்தான் அது நகரும். கடைக்குக் கடை நான்தான் இறங்கி ஏறினேன். மரைக்காயர் பருத்த சரீரி, பாவம்.

அவரிடம் என் வேலையைச் சொன்னேன். “அஸ்தஃபிருல்லா!” என்று காதைப் பொத்திக்கொண்டார். பிறகு அவரே கையை எடுத்துவிட்டு, “மனுசன் ஆண்டவன் ஆவறது இருக்கட்டுங்க, மொதல்ல மனுசனாவட்டும். அது சரி, சிங்காரத்து வூட்டுக்கா போறீங்க? சாப்பிட்டுட்டுப் போங்க” என்றார்.

“ஏன்?”

“போயிப் பாருங்களேன்” என்று சொல்லிச் சிரித்துவிட்டு, சந்தைப்பேட்டையில் வண்டியை நிறுத்தச் சொல்லி எனக்கு இறால் வாடா வாங்கிக் கொடுத்தார். அரிசி மாவைத் தட்டி, இறாலும் வெங்காயமும் பதித்து எண்ணெயில் போட்டது. கும்பகோணத்து உளுந்து வடையை நான் விட்டுக்கொடுக்கிறவன் இல்லை. ஆனாலும் அன்றைக்குக் கொஞ்ச நேரம் மறந்துதான் போனேன். காசு கொடுக்கப் போனால் மனிதர் கையைத் தட்டிவிட்டார்.

முசியே சிங்காரம் கதவைத் திறந்தபோது நெற்றியெல்லாம் கரி. பாண்ட், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, கையில் அகப்பை. உள்ளே சோறு தீய்ந்த வாசம். எனக்கு மரைக்காயரின் சிரிப்புக்கு அர்த்தம் புரிந்தது.

“மதாம் ஊரில் இல்லையோ?” என்றேன்.

“பொறந்த வூட்டுக்குப் போயிருக்கா. கோட்டுச்சேரிமேடு. மீன்பிடிக் குப்பம், இங்கதான் பக்கம்.” குரல் இறங்கிவிட்டது. “மூணு வாரம் ஆச்சுங்க. எல்லாம் இந்த மதத்தாலதான்.”

மனிதர் ஒளிக்கவில்லை. தீய்ந்த சோற்றைப் பரிமாறிக்கொண்டே சொன்னார். ஒரு நாள் காலையில் வேதத்தைப் படித்துவிட்டு உள்ளம் பொங்கிப்போய்ச் சமையல் கட்டுக்கு ஓடி, “தையு, நீயும் தெய்வம்தான்டி” என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அவர் மனைவி பெயர் தையல்நாயகி. அந்த அம்மாள் அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு, “அப்ப எனக்கு என்ன இஷ்டம்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?” என்றாளாம். இவர், “அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல காப்பியைப் போடு” என்றிருக்கிறார். “தெய்வம் காப்பி போடாது” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பியேவிட்டாள்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “அவ இல்லாம இந்த வூட்டுல இருக்க முடியலங்க. மதம் சரியாத்தான் இருக்கு, நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன். எங்கன்னுதான் தெரியல” என்றார். கண் கலங்கியிருந்தது.

அதற்குத்தான் என்னை அவசரமாக வரவழைத்திருக்கிறார். மாசி மகத்தன்று திருவேட்டக்குடிச் சாமி கடலாட வருகிறார். அம்மன் மீனவர் குலத்தில் பிறந்த பெண் என்பது அந்தக் கரையின் நம்பிக்கை. ஆகவே சிவபெருமான் அவர்களுக்குச் சாமி மட்டும் இல்லை, மாப்பிள்ளை. கோட்டுச்சேரிமேட்டுக்காரர்கள் இதை ஒப்புக்குச் சொல்வதில்லை. சாமி கரைக்கு வந்ததும் மாப்பிள்ளைக்கு முறுக்கு வந்துவிடும். கேட்டதைக் கொடுத்தால்தான் அடுத்த அடி வைப்பார். ஆனால் சாமி வாய் திறந்து கேட்க முடியாதே! அதனால் குப்பத்தில் பெண் எடுத்த மாப்பிள்ளைகளில் ஒருவர், வருஷத்துக்கு ஒருவராக முறை வைத்து, சாமிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து சாமி சார்பில் முறுக்கிக்கொள்வார். அவர் கேட்பது சாமி கேட்பது. மறுக்கக் கூடாது. வழக்கமாகக் கை நீளக் கொடுவா மீன், பட்டு வேட்டி என்று கேட்டுச் சிரித்து முடித்துவிடுவார்களாம்.

இந்த வருஷம் முறை சிங்காரத்துடையது.

“மீனு, வேட்டி எல்லாம் கேக்கப் போறதில்ல. குப்பம் மொத்தமும் ஒக்காந்து இந்த வேதத்தைக் கேக்கணும்னு கேக்கப் போறேன். நல்ல தமிழ்ல படிச்சா அவளுக்கும் புரியும், வந்துடுவா” என்றார்.

மறுநாள் முழுக்க அவர் வீட்டுக் கூடத்தில் தாள்களோடு மல்லுக்கட்டினோம். காலையில் தெருவில் ரொட்டிக்காரன் வந்தான். பிரெஞ்சு ரொட்டி உலக்கை மாதிரி நீளம், மேலே முறுமுறு, உள்ளே பஞ்சு. முந்தின நாள் கருவாட்டுக் குழம்பில் தோய்த்துத் தின்றோம். பிரெஞ்சுக்காரன் பார்த்தால் நாட்டைவிட்டே ஓடியிருப்பான். அவர் போட்ட காப்பியைப் பற்றி நான் எதுவும் எழுதுவதாக இல்லை.

“முசியே, இதை நம் வேதாந்திகள் எப்போதோ சொல்லிவிட்டார்களே!” என்று ஒரு கட்டத்தில் எரிச்சலோடு சொன்னேன்.

“சொன்னாங்க. யாருகிட்ட சொன்னாங்க? மடத்துக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டாங்க. மீன்கூடை தூக்கறவகிட்ட வந்து, ஒன் இஷ்டம் என்னம்மான்னு யாராவது கேட்டாங்களா?” என்று சீறினார்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். அந்த அம்மாள் சமையல் கட்டில் கேட்ட கேள்வி என் காதில் கேட்டது. அவர் காதில் கேட்கவில்லை! அடுத்த தாளை எடுத்து விரலில் எச்சில் தொட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் தலையில் ஒரு குட்டு வைக்கலாமா என்றிருந்தது.

அடுத்த நாள் என்னைத் தூது அனுப்பினார். தானே போனால் முகம் கொடுக்க மாட்டாளாம். மாட்டு வண்டியில் போனேன். வழியில் மணலில் சக்கரம் புதைந்து, வண்டிக்காரரும் நானும் தள்ளி, செருப்பு ஒன்று மணலுக்குள்ளேயே சமாதியாகிவிட்டது. ஒற்றைச் செருப்போடு வந்து நின்ற என்னைப் பார்த்து அந்த அம்மாள் முதலில் சிரித்தாள், பிறகுதான் “வாங்க” என்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். உயரமான, நிமிர்ந்த உடம்பு. காதில் சைகோன் கல் தோடு. அவளுடைய அண்ணன்தான் அந்தக் குப்பத்து நாட்டார்; ஊர்த் தலைவரை அங்கே நாட்டார் என்பார்கள். அவர் கடலுக்குப் போயிருந்தார்.

கொடுவா மீன் குழம்பு ஊற்றினாள். தீய்ந்த சோற்றுக்குப் பிறகு அந்தக் குழம்பு! வெட்கத்தை விட்டு மூன்றாம் முறையும் கை நீட்டினேன். சாப்பிட்டு முடித்த தைரியத்தில், “உங்கள் இஷ்டம் என்னவென்று என்னிடமாவது சொல்லலாமா?” என்று கேட்டேன்.

கடலைப் பார்த்தாள். “எங்க அப்பா, அண்ணன், தம்பி எல்லாரும் தெனமும் அந்த அலையைத் தாண்டித்தான் போறாங்க. நான் பொறந்தது இந்தக் கரையில. ஆனா ஒரு நாளும் மரத்துல ஏறினதில்ல. பொம்பள கட்டுமரத்துல கால் வக்கக் கூடாது. சைகோனுக்குக் கப்பல்ல போனேன், வந்தேன். கப்பல்ல போனா கடல் எங்கயோ கீழ கெடக்குதுங்க. எங்க அண்ணன் பாக்கற மாதிரி அதைப் பாக்கணும். மாசி மகத்துக்கு அம்மன் கரகத்தை மரத்துல வச்சு அலைக்கு அந்தாண்ட கொண்டுபோயிக் கொண்டாருவாங்க. அதுல ஏறணும். எட்டு வயசுலேருந்து இருக்கற ஆசை.”

“இவ்வளவுதானா? இதை நான் முசியேயிடம் சொல்கிறேன், அவர்...”

“சொல்லாதீங்க.” குரல் கறாராக இருந்தது. “நீங்க சொல்லி அவரு வந்து கேட்டா, அது நீங்க கேட்டது. அவருக்கா கேக்கத் தோணணும். தோணலன்னா நான் இங்கயே இருந்துக்கறேன். நெசமாத்தான் சொல்றேன்.”

வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்துவிட்டு வண்டியில் வருகிறபோது என்னை நானே திட்டிக்கொண்டேன். ஒரு வார்த்தையில் முடிகிற காரியம், வாயைக் கட்டிப்போட்டுவிட்டாளே! நாளைக்கு மறுநாள் அந்த மனிதர் பாயில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படிக்கப் போகிறார். படித்து முடித்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியப்போவதில்லை; இவர் இப்படியே கரி முகத்தோடு கிடந்து சாகப்போகிறார். படிக்கப்போவதோ என் தமிழ்.

அன்று சாயங்காலம் ஒரே ஒரு காரியம் செய்தேன். வாக்கையும் மீறவில்லை. கடைசித் திருத்தம் பார்ப்பதாகச் சொல்லி, மெய்யான விருப்பத்தைப் பற்றிய பகுதியை அவரிடம் உரக்கப் படித்தேன். படித்துவிட்டு, “முசியே, இது தெளிவாக இருக்கிறதா? பிறர் விருப்பத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்பவர் குழம்ப மாட்டாரே?” என்றேன்.

“இதுல என்ன கொழப்பம்? கேட்டாத் தெரிஞ்சுடும்” என்றார் சட்டென்று. பிறகு வாயைத் திறந்தபடியே இருந்தார். விளக்கைத் தூண்டிவிடுகிறேன் என்று நான் எழுந்து போய்விட்டேன்.

மாசி மகத்தன்று கரையில் ஜனம் சொல்லி மாளாது. வளையல் கடை, பொரிகடலைக் கடை, ராட்டினம். பந்தல் போட்டுப் பானகம் ஊற்றிக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? நம் ஜவுளி மரைக்காயர். “பாடம் திருந்திச்சா?” என்று கண்ணைச் சிமிட்டினார். சாமி மேளதாளத்தோடு வந்து இறங்கினார். “மாப்புள வந்தாச்சு, மாப்புள வந்தாச்சு” என்று குப்பமே கூவியது. கும்பகோணத்தில் நாங்கள் சாமியைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒதுங்குவோம். இங்கே சாமியின் தோரணையைப் பார்த்துக் கேலி பேசுகிறார்கள். “போன வருசத்துக்கு இந்த வருசம் மாப்புள எளச்சுட்டாரு” என்று ஒருத்தி சொல்ல, “எங்க பொண்ணு பட்டினி போடறாளோ?” என்றாள் இன்னொருத்தி.

சாமிக்கு முன்னால் பாய் விரித்தார்கள். சிங்காரம் பட்டு உருமால் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மடியில் என் தாள்கள். நாட்டார் முன்னால் வந்து துண்டை இடுப்பில் கட்டினார். கறுத்து முறுக்கேறிய மனிதர், பேச்சில் மட்டும் குழைவு.

“மாப்புளைக்கு என்ன கோவம்? ஏன் அடி எடுத்து வக்க மாட்டேங்கறீங்க? என்ன வேணும்னு சொல்லுங்க, குடுத்துடறோம்.”

சிங்காரம் தாள்களைக் கையில் எடுத்தார். தொண்டையைச் செருமினார். முதல் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லாவற்றையும் மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துவிட்டு, பெண்கள் நின்ற பக்கம் திரும்பினார்.

“தையு,” என்றார். “ஒனக்கு என்ன வேணும்?”

நான் குதிகாலை உயர்த்திப் பெண்கள் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

அந்த அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “மரத்துல ஏறணும். அம்மனோட அலைக்கு அந்தாண்ட போவணும்.”

மேளம்கூட நின்றுவிட்டது. பிறகு ஆளாளுக்குக் கத்தினார்கள். “அதெப்படி? பொம்பள கால் வச்சா மரத்துக்கு மீன் படாது!” “ஊர் வழக்கத்தை மாத்தறதா?” நாட்டார் கையை உயர்த்தி அடக்கினார். தங்கையைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைத்தான் பார்த்தார்.

“ஒரே ஒரு கேள்வி மாப்புள. இது சாமி கேக்குறதா, நீங்க கேக்குறதா? சாமி கேட்டா மறுக்கக் கூடாது. நீங்க கேட்டா மறுக்கலாம். பாத்துச் சொல்லுங்க.”

சாமி என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லித் தொலையுங்களேன் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். சிங்காரம் சாமியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

“எனக்கு வித்தியாசம் தெரியல மச்சான்” என்றார். “கேக்குறவ இவ. நான் எதுக்கு நடுவுல?”

“ஆமாண்ணே, நான்தான் கேக்குறேன்” என்றாள் தையல்நாயகி. “பொம்பள ஏறினா ஆவாதுன்னா, சைகோன் கப்பல் என்னைய ஏத்திக்கிட்டுப் போயி முழுவியா போச்சு? அந்தக் கரகத்துல இருக்கறது ஆம்பளையா? அவளும் இந்தக் கரையில பொறந்தவதானே? அவளை மட்டும் ஏத்தறீங்க?”

பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ குபீரென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பரவிக்கொண்டே போயிற்று. கோயில் குருக்கள், வெயில் ஏறுகிறது, தீர்த்தவாரிக்கு நேரமாகிறது என்று பரபரத்தார். நாட்டார் தலையைச் சொறிந்தார். சாமியை ஒரு பார்வை, தங்கையை ஒரு பார்வை.

“ஏறு” என்றார்.

இரண்டு கட்டுமரங்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு, அம்மன் கரகத்தை வைத்திருந்தார்கள். அந்த அம்மாள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறிக் கரகத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாலு பேர் தள்ளினார்கள். முதல் அலை தூக்கிப் போட்டது. இரண்டாவது அலையில் மரம் ஆளோடு மறைந்தது. சிங்காரம் என் கையைப் பிடித்த பிடியில் எனக்கு விரல் நொறுங்கியது. மனிதர், சாமி இருக்கிற பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அலை இறங்கியது. மரம் அந்தப் பக்கத்தில் மிதந்தது. அவள் எழுந்து நின்றிருந்தாள். கையை விரித்துக்கொண்டு ஏதோ கத்தினாள். என்னவென்று காற்றில் விளங்கவில்லை, ஆனால் சந்தோஷம் என்பது யாருக்கும் விளங்கியிருக்கும். சிங்காரம் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நானும்தான் அழுதேன், எனக்கென்ன வெட்கம்?

அவள் கரைக்குத் திரும்பியபோது தலை முதல் கால்வரை உப்புத் தண்ணீர். நேரே புருஷனிடம் வந்தாள். “இம்மாம் பெருசுங்க கடல்!” என்றாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது, மூச்சு வாங்கியது. அவர் தலையில் கட்டியிருந்த பட்டு உருமாலை அவிழ்த்து அவள் முகத்தைத் துடைத்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டுமே!

ஆனால் ஊர் அவர்களை வெகுநேரம் பார்க்கவில்லை. பெண்கள் கூட்டத்திலிருந்து ஒருத்தி புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். நாட்டாரின் மனைவி. “என்னையும் ஒரு சுத்து கூட்டிக்கிட்டுப் போங்க” என்றாள். அவள் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் வரிசையாக ஏழெட்டுப் பேர்.

“இவங்களுக்கெல்லாம் யாரு கேட்டா? எந்தச் சாமி கேட்டுச்சு?” என்று கரையிலிருந்து ஒருவர் கூவினார்.

நாட்டார் சிறிது நேரம் இடுப்பில் கை வைத்து நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, மனைவி ஏறுவதற்கு வாகாகக் கட்டுமரத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டார்.